அப்பா போன்ல அழிச்சா எம்போன்ல காணாமப் போகுதுங்க

பட்டிப் பொங்கலன்னைக்கு (2025 ஜனவரி 15) பொழுதோட, மாட்டுக்கெல்லாம் பொங்கச் சோறு ஊட்டி முடிச்சு எல்லாரும் வாசல்ல உக்காந்திருக்கறப்ப பங்காளி ஊட்டு அக்கா ஒருத்தங்க, பாப்பாவுக்குக் காது குத்துன போட்டோ காட்டு கண்ணு, நாந்தான் வர முடியாமப் போச்சேன்னாங்க. இதா காட்றனுங்கன்னு போனை எடுத்துத் தள்றேன் தள்றேன், செப்டம்பர் 14 இருக்குது, 16 இருக்குது, நடுவுல 15 இல்ல. அன்னைக்கு எப்பிடியும் நூறு படத்துக்கு மேல எடுத்திருப்பேன், ஒண்ணு கூட இல்லீங்க.

இன்னும் தள்ளிப் பார்த்தா அங்கங்க ஒரு ஒரு நாள் சொத்தைப் பல்லாட்டம் காணோம். ஆகஸ்ட்ல மூணு நாள், சூலைல நாலு நாள். எல்லாத்தையும் அழிச்சிருந்தா மக்கா நாளே தெரிஞ்சிருக்கும், இப்பிடி விட்டு விட்டுப் போனதுலதான் ரெண்டு மாசமா எனக்கு எதுவுமே தெரியல.

கெரகம் எங்க இருந்து வந்துச்சுன்னா, தீவாளிக்கு அப்பாவுக்கு ஒரு புது போன் வாங்கிக் குடுத்தேன். அவருக்குன்னு தனியா ஜிமெயில் கெடையாது, கடைலயே நின்னு ஓடிபி அது இதுன்னு மெனக்கெடச் சோம்பேறித்தனம், சரி இப்போதைக்கு நம்ம ஐடியவே போட்டு ஓப்பன் பண்ணுவோம், பொறவு மாத்திக்கலாம்னு போட்டுக் குடுத்துட்டேன். மாத்தவே இல்ல. இந்தத் தப்பை எத்தனை பேர் பண்ணி வெச்சிருக்கறீங்கன்னு தெரியல, பண்ணியிருந்தா மொதல்ல போயி அதைக் கவனிங்க, படிக்கறதைப் பொறவு படிக்கலாம்.

அதுக்கு மேல இன்னொண்ணு பண்ணி வெச்சேன். தீவாளி முடிஞ்ச கையோட எம்போன்ல இடமில்லைன்னு காட்டவும், கூகுள் போட்டோஸ்ல இடத்தைக் காலி பண்ற பட்டனை அழுத்திட்டேன். பேக்கப் ஆனதை எல்லாம் போன்ல இருந்து எடுத்துரும், மேல கிளவுடுல மட்டும் இருக்கும். படம் எப்பவும் போலக் கண்ணுக்குத் தெரியறதுனால நம்ம கையில இருக்குதுன்னே நெனச்சுக்குவோம்.

நான் பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், திருப்பூர். எம்போன்ல பாதி துணிதான் இருக்கும். ஷேடு மாறுனது, தையல் விட்டது, லேபிள் கோணலா வந்தது, கார்ட்டன் மார்க்குன்னு ஒரு நாளைக்கு முப்பது நாப்பது படம். அப்பா புதுப் போனைத் தொறந்து பார்த்தா அது பூராவும் அவர் போன்ல நிக்குது. காதுகுத்தன்னைக்கும் ஷிப்மெண்ட்டு, காலைல ஆறு மணிக்கே கம்பெனிக்குப் போயி கார்ட்டனைப் படம் புடிச்சுட்டுத்தான் கோயிலுக்கே வந்தேன். ஊட்டுக்காரி அன்னைக்கு என்ன சொன்னாங்கறதை இங்க எழுத முடியாது.

விசயத்துக்கு வர்றேன். அப்பாகிட்டப் போயி, ஏனுங்ப்பா போன்ல எதாவது அழிச்சீங்களான்னு கேட்டேன்.

"ஆமா கண்ணு, உன்ற துணி போட்டோவெல்லாம் எப்பிடியோ எம்போனுக்கு வந்துருச்சு. இடமில்ல இடமில்லைங்குது. தெனமும் ராத்திரி படுக்கறப்ப சித்தெ நேரம் உக்காந்து அழிப்பேன். எத்தனை அழிச்சாலும் இடமே வர மாட்டீங்குது போ."

வராது. ஏன்னா அந்தப் படம் எதுவும் அவர் போன்ல இல்லவே இல்ல, மேல இருக்கறதை அது சும்மா காட்டுது, அவ்வளவுதான். இடத்தை அடைச்சிட்டு நின்னது வாட்ஸாப்ல வர்ற காலை வணக்கம் வீடியோவும் அரசியல் பேச்சும். இடம் வரலைன்னு இன்னும் எச்சா அழிச்சிருக்கறாரு மனுசன்.

பாப்பா போட்டோவ ஏனுங்ப்பா அழிச்சீங்கன்னேன். பாப்பா படத்தை நான் தொடவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாரு. செரி எப்பிடி அழிச்சீங்கன்னு செஞ்சு காட்டுங்கன்னு போனைக் குடுத்தேன். கண்ணாடிய மூக்குல எறக்கி விட்டுட்டு, ஒரு துணி போட்டோவ பெருவெரல்ல அமுக்கிப் புடிச்சாரு. டிக் விழுந்துச்சு. அப்பத் தேதிக்குப் பக்கத்துல ஒரு சின்ன வட்டம் வருமுங்க, அதை ஒரு தட்டுத் தட்டுனாரு. அன்னைக்கு எடுத்தது அத்தனைக்கும் டிக். ஸ்க்ரீன்ல தெரிஞ்சது என்னமோ மேல நின்ன ஒம்போது துணிப் படந்தான், கீழ இருந்த ஊட்டுப் படம், பாப்பா படம் எதுவும் அவர் கண்ணுக்குப் படல. காதுகுத்துப் படமும் இப்பிடித்தான் போயிருக்குது. குப்பைத்தொட்டிப் படத்தை அமுக்கப் போனவரு கையப் புடிச்சிட்டேன்.

மேல்தொட்டி ஒண்ணு, அதுல இருந்து சமையக்கட்டுக்கு ஒரு கொழாய், கட்டுத்தறிக்கு ஒரு கொழாய்னு வெச்சுக்கங்க. கட்டுத்தறிக் கொழாயத் தொறந்து விட்டுட்டு சமையக்கட்டுல தண்ணி நிக்கும்னு எப்பிடி நெனைக்கறது? போன்ல சிங்க் (sync) ஆகுதுன்னு சொல்றது இதைத்தான். நான் இத்தனை வருசமா அதை ரெண்டு தொட்டின்னு நெனச்சிட்டு இருந்திருக்கறேன்.

சரி, குப்பைத்தொட்டியத் தொறந்தேன். 1,312 படம் கெடந்துச்சு. பேக்கப் ஆன படத்தை அழிச்சா குப்பைத்தொட்டில 60 நாள் இருக்கும், அதுக்கு மேல நிரந்தரமாப் போயிரும். (பேக்கப் ஆகாததுன்னா 30 நாள்தான், ஞாபகம் வெச்சுக்கங்க.) ஜனவரி 15ல இருந்து 60 நாளைப் பின்னால எண்ணுனா நவம்பர் 16. அதுக்கு முன்னாடி அப்பா அழிச்சதெல்லாம் போனது போனதுதான். புதுசுல இருந்து பழசுக்குப் போற வரிசைல அழிச்சிட்டு வந்திருக்கறாரு, அதனால செப்டம்பர் அக்டோபர் படந்தான் மொதல்ல போயிருக்குது, காதுகுத்தும் அதுலயே போச்சு. சூலை ஆகஸ்ட் எல்லாம் தொட்டில இருந்துச்சு, ஆனா சிலது அன்னைக்கு ராத்திரியோட முடியற கணக்கு.

எங்க தோட்டம் கவுந்தப்பாடிக்குப் பக்கத்துல, ஊட்டுக்குள்ள டவர் ஒரு கோடு நின்னாப் பெரிய விசயம். தண்ணித்தொட்டி மேல ஏறி உக்காந்து, கெழக்கால போனை நீட்டிப் புடிச்சுட்டு, ஒவ்வொண்ணா அமுக்கி மீட்டுட்டு இருந்தேன், கீழ நின்னுட்டு பசங்க மாமா பட்டாசு வெடிக்கலாம் வாங்கங்கறானுக. நூறு படத்துக்கு வெரல் மரத்துப் போச்சு. பொறவுதான் புத்தி வந்துச்சு: லேப்டாப்புல தொறந்தா மொதல் படத்தை டிக் பண்ணி, ஷிஃப்ட்டை அமுக்கிட்டே கடைசிப் படத்தைத் தட்டுனா நடுவுல இருக்கறது ஒட்டுக்கா விழுந்துருது. போன்லயே ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பையும் தொட்டி மேல தூக்கிட்டுப் போயி, பதினோரு மணிக்குள்ள 1,312ம் திரும்ப வந்துருச்சு. துணியும் சேர்ந்துதான் வந்துச்சு, பரவால்ல.

இதோட நிறுத்தியிருந்தா காசு மிஞ்சியிருக்கும். காதுகுத்துப் படம் இல்லாம ஊட்டுக்குள்ள கால் வைக்க முடியாதுங்கற நெலமை, அதனால ரெண்டு கோமாளித்தனம் பண்ணுனேன்.

மொதலாவது, கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி, கண்ணுக்குப் பட்ட ஒரு நம்பருக்குப் போட்டேன். மறுபக்கம் ஒருத்தன் தமிழும் இந்தியும் கலந்து, சார் உங்க போட்டோ எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குது, ஒரு ஆப் எறக்குங்க, நான் உங்க ஸ்க்ரீனைப் பார்த்துச் செஞ்சு தர்றேன், பத்து ரூவா மட்டும் அனுப்பி வெரிஃபை பண்ணுங்கங்கறான். பத்து ரூவான்னதும் நல்லவேளை எனக்கு உறைச்சுது. ஸ்க்ரீனை அவன் பார்க்கறப்ப நம்ம பின் நம்பரைத் தட்டுனா முடிஞ்சுது கதை. அப்பிடி யாராவது ஏற்கனவே மாட்டியிருந்தீங்கன்னா தாமசம் பண்ணாம சைபர் மோசடிப் புகாருக்குன்னு இருக்கற 1930க்கு அடிச்சுச் சொல்லுங்க.

ரெண்டாவது, ஈரோட்டுல ஒரு கடை. டேட்டா ரெகவரின்னு பெருசா எழுதியிருந்துச்சு. ஆறாயிரம் ஆகும், ஆயிரத்தைந்நூறு அட்வான்ஸ். ரெண்டு நாள் போனில்லாம திருப்பூர்ல வேலை பார்த்த கொடுமை தனி. மூணாம் நாள் போனா ஒரு பென்டிரைவ்ல நானூறு படம் போட்டுக் குடுக்கறாரு, பூராவும் தீப்பெட்டி சைஸ், பெருசு பண்ணுனா கட்டம் கட்டமாத் தெரியுது. அதுலயும் பாதி வெத்தலை பாக்கு தாம்பாளத்துல வெச்ச கல்யாணப் பத்திரிகை. அழிஞ்சதை மீட்டதாட்டம் தெரியல, போன்ல ஒரு ஓரமா இருந்த தம்நெயிலையே, அதாவது கேலரில காட்டறதுக்கு வெச்சிருக்கற குட்டிப் படத்தையே அள்ளிக் குடுத்திருக்கறாரு. ஒரிஜினல் எங்கண்ணான்னா, "ஒருக்கா ரீசெட் அடிச்சுட்டு ஸ்கேன் பண்ணுனா வரும் சார்"ங்கறாரு. இப்போ வர்ற போன்ல உள்ள இருக்கறதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் எழுதுது, ரீசெட் அடிச்சா அந்தச் சாவியே போயிரும், மிச்சம் இருக்கறதும் போயிரும். நான் கம்பெனில ஐடி பாக்கற பையன்கிட்ட போன் போட்டுக் கேட்டதுல தப்பிச்சேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டா, தர மாட்டோம்னு போர்டு போட்டிருக்கறமேங்கறாரு. போர்டு இருந்துச்சு, மாசக் காலண்டருக்குப் பின்னால.

படம் கடைசில கெடைச்சது எங்கன்னா, எம்போனுக்குள்ளயேதான். காதுகுத்தன்னைக்கு ராத்திரி என் மச்சினன், அதாவது மடில உக்கார வெச்ச தாய்மாமன், "மாமா எனக்கு எல்லாத்தையும் அனுப்பி விடுங்க"ன்னு கேட்டு வாட்ஸாப்ல தள்ளி விட்டிருந்தேன். அவன் போன்ல தேடுனா, அவன் அடுத்த மாசமே அந்த வாட்ஸாப் சாட் பூராவையும் தொடச்சு வெச்சிருக்கறான். மாப்ள உன்னைத் தாய்மாமன்னு கூப்பட்டது வேஸ்ட்டுடான்னு திட்டிட்டு வெச்சேன். வெச்சப்பொறவுதான் தோணுச்சு, அனுப்புன எம்போன்ல ஒரு காப்பி இருக்கணுமே.

ஃபைல் மேனேஜரத் தொறந்து ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாட்ஸாப் பேர்ல இருக்கற ஃபோல்டரு, உள்ள வாட்ஸாப், மீடியா, வாட்ஸாப் இமேஜஸ், அதுக்கும் உள்ள சென்ட்னு ஒண்ணு இருக்கும். கேலரில இது தெரியவே தெரியாது, அதனால பேக்கப்பும் ஆகறதில்ல, அப்பா கண்ணுக்கும் படல. ஃபைல் பேர்லயே 20240915ன்னு தேதி இருக்கும். அந்தத் தேதில நிக்குது 64 படம். ராத்திரி ஒண்ணரை மணிக்கு அம்மிணிய எழுப்பிக் காட்டுனேன், கண்ணைத் தொறந்தும் தொறக்காம பாப்பா மொட்டைத் தலையோட மாமன் மடில வாயைப் பொளந்து அழுகற படத்தைப் பார்த்துட்டு, காலைல காட்டியிருந்தா ஆகாதான்னுட்டு திரும்பிப் படுத்துட்டா. ஆனா சிரிச்சா, நான் பார்த்தேன்.

படம் சுருங்குன சைஸ்தான், பெருசா பிரிண்டு போட்டா கொஞ்சம் மங்கும். இனிமே முக்கியமானதை அனுப்பறப்ப டாக்குமெண்ட்டாப் போட்டு அனுப்புங்க, ஒரிஜினல் அப்பிடியே போகும்.

அடுத்து அப்பா போன்ல இருந்து என் ஐடிய எடுத்தேன். எடுத்து அரை மணி நேரத்துல அப்பா வர்றாரு, போன்ல ஒரு நம்பரும் இல்லையாம். தேங்கா யாவாரி, சொசைட்டிக்காரரு, மோட்டார் கட்டறவரு, கெடா வாங்கறவரு எல்லாரும் என் ஐடிலதான் பதிவாயிருக்கறாங்க, ஐடி போனதும் ஒட்டுக்காப் போயிட்டாங்க. படத்துக்கு நான் கத்துனதை விட இதுக்கு அவர் கத்துனதுதான் எச்சு. நல்லவேளை எங்கணக்குல நின்னுச்சு, என் போன்லயும் "கெடா செல்லப்பன்"னு இருக்குதேன்னு அப்பத்தான் கவனிச்சேன். கான்டாக்ட்ஸை எக்ஸ்போர்ட் பண்ணி அவருக்குப் புதுசா ஒரு ஐடி போட்டு அதுல ஏத்திக் குடுத்தேன். ஐடிய எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணியிருக்கோணும்.

கூகுள் கணக்குல செக்யூரிட்டிக்குள்ள போனா உங்க ஐடி எந்தெந்தப் போன்ல இருக்குதுன்னு காட்டும். எனக்கு அப்பா போன் போக, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எக்ஸ்சேஞ்சுல குடுத்த பழைய போனும் நின்னுச்சு. வெளிய தள்ளிட்டேன்.

நம்ம கணக்குல இருக்கறதை எறக்கிக்கறதுக்குன்னு கூகுள்லயே டேக்அவுட்னு ஒண்ணு இருக்குதுங்க, அதுல போட்டு மொத்தத்தையும் எறக்கி ஒரு டெராபைட் ஹார்ட்டிஸ்க்ல வெச்சாச்சு. ஃபைல் சைஸ் 2 ஜிபின்னு விட்டா துண்டு துண்டா வந்து உசுரை வாங்கும், 50ன்னு மாத்திக்கங்க. லிங்க் ஒரு வாரந்தான் இருக்கும், நான் கம்பெனில அப்புறம் பார்க்கலாம்னு விட்டு மறுபடியும் மொதல்ல இருந்து போட்டேன்.

வீடியோ ஒண்ணு மட்டும் இன்னும் வரல. காது குத்தி முடிச்சு அழுதுட்டு இருந்தவ, அமுச்சி கையில இருந்த தேங்காச் சில்லைப் புடுங்கித் தின்னுட்டே சிரிச்சது. அதை நான் யாருக்கும் அனுப்பல, எங்கும் காப்பி இல்ல. பக்கத்துல நின்னு தாராபுரத்து அத்தையும் எடுத்தாங்க, ஆனா அந்தப் போன் டிஸ்ப்ளே ஒடைஞ்சு பீரோவுல கெடக்குதாம். வர்ற ஞாயித்துக்கெழமை போறேன். போன்ல லாக் நம்பர் என்னங்கத்தைன்னு கேட்டதுக்கு, பேரன் வெச்சான் கண்ணு, அவனைத்தான் கேக்கோணும், அவன் ஆஸ்டல்ல இருக்கறான்னாங்க.