பிஸ்கட் டின்னும் நீல ஐசியும்

அம்மா பிறந்தது 1952இல், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஆனாலும் 66 வயது வரை கையில் சிவப்பு ஐசிதான். ஐசி என்றால் அடையாள அட்டை; குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர்கள் அரசியலமைப்பின் 16ஆவது விதிப்படி குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. இங்கேயே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், கொஞ்சம் மலாய் தெரிய வேண்டும். எல்லாம் இருந்தது. பிறப்புப் பத்திரம்தான் இல்லை.

2018 தீபாவளிக்கு ஊருக்கு வந்த மாமாவிடம் விஷயத்தைச் சொன்னோம். சொந்த மாமா இல்லை, அம்மாவோடு அதே லயத்தில் வளர்ந்தவர். கிளார்க்காகச் சேர்ந்து 36 வருடம் உழைத்து, அரசு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். யாருக்காவது ஒரு போன் போடுவார், வேலை முடிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அவர் போனைத் தொடவே இல்லை. “ஃபைலைக் கொண்டு வாம்மா” என்றார். எங்கள் ஃபைல் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்.

பால் விடாத தே ஓ டீ ஆறும்வரை ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துப் பார்த்தார். “கவுண்டர்ல இருக்கிற பிள்ளைக்கு முடியாதுன்னு சொல்லத்தான் அதிகாரம். சரின்னு சொல்றவர் மேல எங்கேயோ இருக்கார். அவர் அக்காவைப் பார்க்கப் போறதில்ல, காகிதத்தைத்தான் பார்ப்பார். பயப்படாம கையெழுத்துப் போடற மாதிரி அவருக்குக் காகிதம் கொடுக்கணும்.”

அதுவரை அம்மா பெயரில்தான் பிறப்புப் பதிவைத் தேடியிருந்தோம். தாத்தா பெயரையும் தோட்டத்துப் பெயரையும் போட்டுத் தேடச் சொன்னார். கிடைத்தது! அதே தாத்தா, அதே பாட்டி, அதே தோட்டம், பிள்ளை பெயர் மட்டும் ‘பாப்பா’. இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம் என்று தாத்தா சொல்லியிருப்பார், கிராணி, அதாவது கிளார்க், அப்படியே எழுதிவிட்டார் போல.

பாப்பாவும் அம்மாவும் ஒரே ஆள் என்று பெரியம்மா சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். தமிழ்ப்பள்ளிச் சான்றிதழை வைத்தோம். டின்னின் அடியில் பாட்டியின் பழைய அடையாள அட்டையும் இருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது, அதோடு அடையாள அட்டையும் வந்தது. அந்தக் கலவரத்தில் கிடைத்த அட்டை, பாட்டி அப்போதே இங்கிருந்தார் என்பதற்குச் சாட்சியாக வந்து நின்றது.

எதைக் கொடுத்தாலும் முத்திரை போட்ட நகல் வாங்கச் சொன்னார் மாமா. பதில் கடிதம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் ‘ருஜுக்கான்’ என்ற குறிப்பு நம்பர். அடுத்து எழுதும் கடிதத்தில் அந்த நம்பர் இல்லாவிட்டால் அது அநாதைக் கடிதமாம். ஒவ்வொரு முறை ஆபிசுக்குப் போய் வந்ததும் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ரசீது வாங்கினியா?” அம்மாவுக்கே அது பழகிவிட்டது.

ஒருநாள் அவரே சொன்னார். இளவயதில் கவுண்டரில் இருந்தபோது ஒரு பெண் கொடுத்த விண்ணப்பப் பாரத்தில் தேதி விட்டுப்போயிருந்ததாம். சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர், அப்புறம் வரவே இல்லை. “பேனா என் கையிலதான்மா இருந்துச்சு.” அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேர்காணலில் அம்மா பேசியது சந்தைப் பேச்சான பாசார் மலாய்தான். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதும் ‘நோரே கெத்தா’ (ரப்பர் பால் வெட்டுவது) என்று ஆரம்பித்து, விடியற்காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுப்பதிலிருந்து பால் நிறுக்கும்வரை விடாமல் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டாராம்.

நீல ஐசி 2021இல் கைக்கு வந்தது. 2022 நவம்பர் 19ஆம் தேதி, 70 வயதில், அம்மா முதல் ஓட்டைப் போட்டார். மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி பள்ளி வாசலுக்கு வந்தவர், சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார்.

“ரசீதே கொடுக்கலையேம்மா?”