பென்ஸ் பார்க்கப் போய்ப் பழனியும் கும்பிடலாம்

கோயம்புத்தூர் கார் நூதனசாலைப் படங்களை நான் வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், திருகோணமலை உவர்மலையில் பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கும் மாமா கோல் எடுத்துவிட்டார். "தம்பி, தனியப் போய்ப் பார்த்திட்டு வந்து எங்களுக்குப் படம் காட்டுறியோ?" அந்தக் கிழமையே கோவைப் பயணத்துக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட அந்தக் கால இலங்கை இலக்கத் தகடு வைத்த பழைய வண்டிக்காரர் சிலர், அந்த வண்டிகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிற கராஜ் அண்ணை, பிறகு அவர்களின் வீட்டுக்காரிகள்.

கராஜ் அண்ணை வருகிறார் என்றதும் நான் ஒரு முடிவு எடுத்தேன்: நூதனசாலைக்கு ஒரு முழுக் காலை வேண்டும். அவினாசி சாலையில், கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் 2015இல் திறந்த இடம் அது. பலர் பீட்டிலோடு ஒரு செல்ஃபி, அம்பாசடரோடு ஒரு செல்ஃபி என்று அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுவார்கள். எங்கட ஆட்கள் அப்படியில்லை.

1886ஆம் ஆண்டு பென்ஸின் நகல் வண்டி முன்னால் அண்ணை எவ்வளவு நேரம் நிற்பார் என்று இப்பவே தெரியும். மூன்று சில்லு. ஸ்டியரிங் வட்டம் இல்லை, ஒரு கைப்பிடிதான். பின்னால் பெரிய பறக்குசில்லு, அதாவது எஞ்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனத்த சக்கரம், படுத்த வாக்கில் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் வளைவில் வண்டியைத் திருப்ப விடாது என்று கார்ல் பென்ஸ் பயந்தாராம். அடுத்தது போர்ட் மொடல் டி. கதவுப் பக்கமாகக் குனிந்து பார்த்தால் கீழே மூன்று பெடல். வலது பிரேக், நடு ரிவேர்ஸ், இடது கியர். அக்சிலேற்றர் காலில் இல்லவே இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சின்ன நெம்பு. இன்றைய சாரதி ஏறினால் பிரேக் என்று நினைத்து ரிவேர்ஸை மிதிப்பார்.

திங்கட்கிழமை அங்கே பூட்டு. இதனால்தான் கப்பல் யோசனையை விட்டோம். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியபோதிருந்தே மாமாவுக்கு அதில் ஆசை. ஆனால் காற்றும் கடலும் மாறினால் ஓட்டம் தள்ளிப்போகும், போய்ச் சேருவது திங்களில் விழுந்தால் பூட்டின கதவைத்தான் பார்க்கலாம். கோணமலைக்காரருக்கு வாடைக்கடலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே இரவு வான் பிடித்துக் கட்டுநாயக்கா, அங்கிருந்து திருச்சிக்குப் பிளேன், பிறகு கரூர் வழியாகக் கோவை. விசா அலுவலை அவரவர் பிள்ளைகள் தலையில் கட்டியாயிற்று.

சிக்கல் வந்தது வீட்டுக்காரிகளான அக்காமார் பக்கத்தால். "இவ்வளவு காசு குடுத்து அங்க போய்த் துருப்பிடிச்ச காரைப் பாக்கிறதோ? பழனிக்குப் போகாட்டி நாங்கள் வரேல்லை." நியாயமான பேச்சுத்தான். அங்கே ஒரு காரிலும் துரு இல்லை என்பது வேறு கதை.

மப்பை விரித்துப் பார்த்தபோது வழி தானாகவே கிடைத்தது. ஜி.டி. நாயுடு 1920இல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில். கோவையிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி என்று திரும்பினால் கார்க்காரருக்கு அது நாயுடு பஸ் பாதை, அக்காமாருக்கு முருகன் பாதை. ஒரே டீசல்.

தைப்பூசத்தை அண்டி மட்டும் போகக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் வான் நகராது. மாசி என்று முடிவாகியிருக்கிறது, புதன் காலை நூதனசாலை.

கராஜ் அண்ணைக்குக் கோயில் குளம் என்றால் எட்டாப் பொருத்தம். வானிலேயே இருந்துகொள்கிறேன் என்றவரிடம், பழனி மலைக்கு ஆட்களை ஏற்றும் வின்ச் கம்பிவடத்தில் ஓடுவதைச் சொன்னேன். மோட்டர் மேலேயா கீழேயா என்று கேட்டார். இப்போது மலை ஏறுகிறவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.