கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்

நெய்வேலி என்றதும் எல்லோருக்கும் கரிதான் ஞாபகம் வரும். எனக்குத் தண்ணீர். நிலத்தடி நீர் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், "மாமா, நீங்க கரி வெட்டுறீங்களா?" என்று பிள்ளைகள் கேட்கும். "தண்ணி அளக்குறேன்டா" என்றால் முகம் வாடிவிடும். சுரங்கத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று உட்கார வைத்துச் சொல்வேன்.

பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணல். அந்த மணலுக்குள் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலே மண் இருக்கும்வரை அதன் கனம் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். மண்ணை அள்ள அள்ளக் கனம் குறையும். அப்படியே விட்டால் ஒரு கட்டத்தில் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் கரியைத் தொடுவதற்கு முன்பே சுற்றிலும் போர் போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் கரிக்குக் கீழே இறக்கி வைக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று பம்புக்கு லீவு கிடையாது.

இந்த ஊரின் கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் கறுப்பாக ஏதோ தென்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு வருஷத்துக்கு மேல் வெறும் மண்ணும் தண்ணீரும்தான். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின், அதாவது பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகள் வைத்து மண் வெட்டும் இயந்திரங்களின், பற்களை நம் கடலூர் மணற்பாறை தேய்த்துத் தள்ளியது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகுதான் வெட்ட முடிந்தது. அந்த நான்கு வருஷம் நம்பிக்கை இழக்காமல் உழைத்துக்கொண்டே இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும்.

நான் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாள் கையில் வைத்தது ஒரு சாக்பீஸ். இரும்பு நாடாவின் நுனியில் சில அடிக்குச் சாக்பீஸ் தடவி, கண்காணிப்புக் கிணற்றுக்குள், அதாவது நீர்மட்டம் பார்க்கவென்றே போட்ட குழாய்க் கிணற்றுக்குள், மெதுவாக இறக்க வேண்டும். மேலே இழுத்தால் நனைந்த இடம் வரைக்கும் வெள்ளை கரைந்து கறுத்திருக்கும். அந்தக் கோடுதான் கணக்கு. குழாயின் வாய் விளிம்பில் எவ்வளவு, கோட்டில் எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் என்று தெரிந்துவிடும். "தம்பி, கோடு தெளிவா இல்லேன்னா இன்னொரு தரம் இறக்கு. குத்துமதிப்பா மட்டும் எழுதாத. கீழ நிக்கிறவன் உன் நோட்டை நம்பித்தான் நிக்கிறான்" என்றார் அண்ணன். பிறகு தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் கருவி வந்தது. சாக்பீஸை மட்டும் நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தது. முந்தின இரவு எனக்கு ஷிப்ட். காற்று தணிந்து வெளியே வந்தபோது டவுன்ஷிப்பே அடையாளம் தெரியவில்லை. அளந்து போட்ட நேர் சாலைகள், பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ், இரண்டு பக்கமும் மரங்கள், இதுதான் நெய்வேலி. முதல் தலைமுறை நட்டு வளர்த்த மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. கருவி நனைந்து ஒலிக்கவில்லை. சட்டைக்குள் நாடாவைத் துடைத்துத் துடைத்துச் சாக்பீஸ் தடவினேன். தூறலில் கரைந்துகொண்டே இருந்தது. நான்காவது முறைதான் கோடு விழுந்தது. மட்டம் ஏறவில்லை. அந்த ஒரு எண்ணை எழுதும்போது கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம்தான் வீட்டு நினைப்பே வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊர் எழும்ப எத்தனையோ ஊர்கள் இடம் பெயர்ந்தன. முந்திரித் தோப்பு, பலா, குலதெய்வம் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்களின் மண்ணில்தான் நான் சம்பளம் வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தில் காவடியோடு வரும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எத்தனை பேர் பழைய ஊருக்கு வருவதுபோல வருகிறார்கள் என்று நினைப்பேன். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. தீரவும் இல்லை.

மார்கழி இரவு ஷிப்ட் முடிகிற நேரம் பம்ப் தண்ணீர் கொட்டும் குழாயடியில் லேசாக ஆவி பறக்கும். ஆழத்திலிருந்து வருவதால் அது வெதுவெதுப்பாக இருக்கும். குளிரில் விறைத்த விரல்களை அதில் காட்டிவிட்டு, நோட்டில் கடைசி அளவை எழுதி, காலை ஷிப்ட் ஆளிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுப்பேன்.