குழாய்க்கு ஓர் எண், காட்டுக்கு வேறோர் எண்: நானோகுழாய் அணிவரிசைகளைப் படித்த அனுபவம்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸில், மின்னணுச் சில்லு உறையிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டத்துக்குப் படித்தவன் நான். கார்பன் அணுக்களாலான, சில நானோமீட்டர் விட்டமே உள்ள நுண்குழாய்கள்தாம் கார்பன் நானோகுழாய்கள்; அவை வரிசையாக நிற்கும் அணிவரிசைகளின் வெப்பக் கடத்தல் என் ஆய்வுப் பொருள். பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் கடக்கும் நேரத்தில்கூடக் குறிப்பேட்டைப் புரட்டிய எனக்கு, வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியே சறுக்கியது. அணிவரிசையின் வெப்பக் கடத்துதிறன் என்ன என்று தேர்வாளர் கேட்டார். மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 3,000 வாட் என்று தயங்காமல் சொன்னேன். "அது குழாயின் எண்ணா, காட்டின் எண்ணா?" என்று அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார். இந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் செங்குத்தாக நெருங்கி வளர்ந்த நானோகுழாய்த் தொகுதியைக் காடு என்றே அழைப்போம். என்னைக் கேட்டால் நாற்றங்கால் இன்னும் பொருத்தமான உவமை. நெருக்கமாக விதைத்த நாற்று ஒன்றையொன்று தாங்கி நிமிர்ந்து நிற்கும். நானோகுழாய்களும் அப்படித்தான், அடர்த்தி குறைந்தால் தரையோடு படுத்துவிடுகின்றன. ஆனால் நெருக்கம் என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. 3 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் ஒரு சதுர சென்டிமீட்டரில் 500 பில்லியன் நிற்பதாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: அவை அடைக்கும் பரப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடுதான், மீதியெல்லாம் வெற்றிடம். தனிக் குழாய்க்கு உரிய 3,000ஐ அந்தப் பங்கால் பெருக்கினால் 105 வருகிறது. அதுவும் எட்டக்கூடிய மேல் எல்லையே; குழாய்ச் சுவரின் குறைபாடுகள், நெளிவு, நுனிகளில் சிலவே எதிர்ப் பரப்பைத் தொடுவது ஆகியவற்றால் அளவீட்டில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைத் தேர்வுக்கு முன் ஒருமுறை கையால் போட்டிருந்தால் நான் அன்று விழித்திருக்க மாட்டேன்.

மற்றப் பண்புகளையும் இதே கேள்வியோடு படியுங்கள். விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் தனிக் குழாய்க்கு ஏறத்தாழ 1 டெராபாஸ்கல். காட்டை மேலிருந்து அழுத்தினாலோ அது நுரைப்பஞ்சு போல மடிந்து, விட்டவுடன் பெருமளவு மீள்கிறது. ஒற்றைச் சுவர்க் குழாய் உலோகமா குறைகடத்தியா என்பதை அதன் சுவரான கார்பன் தாள் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் இரு முழு எண்களே தீர்மானிக்கின்றன. அவற்றின் வேறுபாடு மூன்றால் வகுபட்டால் உலோகத் தன்மை, இல்லையேல் குறைகடத்தி. ஆகவே, கலந்து வளரும் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையோடு வரும் என எதிர்பார்க்கலாம்.

தயாரிப்பு முறைகளைப் பற்றிய கேள்வியில்தான் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கிறார்கள். மின்வில், லேசர் ஆவியாக்கம், வேதி ஆவிப் படிவு என்று மூன்றையும் சமமாக எழுதிவைக்கிறார்கள். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர் இஜிமா கண்ட பல்சுவர்க் குழாய்கள் மின்வில் வழியில் கிடைத்தவை என்பது உண்மைதான். ஆனால் முதல் இரு முறைகளும் தருவது, குழாய்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் கரித்தூள். ஒழுங்காக நிற்கும் அணிவரிசை வேண்டுமென்றால் வேதி ஆவிப் படிவையே விரித்து எழுத வேண்டும்.

அதை எழுதும்போது ஒவ்வொரு அடுக்கும் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சிலிக்கான் வில்லையின் மேல் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அலுமினா, அதன் மேல் 1 நானோமீட்டர் அளவில் இரும்பு. அலுமினா இல்லாவிட்டால் உயர் வெப்பத்தில் இரும்பு சிலிக்கானுக்குள் ஊடுருவி வினையூக்கத்தை இழக்கும். ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 750 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது இரும்புப் படலம் உடைந்து நுண் துகள்களாகிறது. துகளின் அளவே குழாயின் விட்டத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. பிறகு எத்திலீனோ அசெட்டிலீனோ செலுத்தினால், அது சிதைந்து வரும் கார்பன் துகளிலிருந்து குழாயாக எழுகிறது. அலுமினாவின் மேல் வளரும் காட்டில் துகள் பொதுவாக அடியிலேயே தங்கும். முடியைப் போல, பழைய பகுதி மேலே போகப் புதியது வேரில் முளைக்கிறது.

வளர்ச்சி நிற்பதற்கு உரிய காரணங்களையும் கேட்பார்கள். துகளைச் சுற்றிப் படிகவுருவற்ற கார்பன் மூடிக்கொள்வது ஒன்று. சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்வது மற்றொன்று. 2004இல் ஜப்பானில் ஹாட்டாவும் உடனாய்வாளர்களும் வாயுவோடு மிகச் சிறிதளவு நீராவியைச் சேர்த்து அந்தக் கார்பன் மூடலை நீக்கி, பத்தே நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரக் காட்டை வளர்த்தது இந்த இடத்தில் கட்டாயம் வர வேண்டிய எடுத்துக்காட்டு.

என் கைத்தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், உலை ஆறும் முன்பே ஆர்கானை நிறுத்தி உலைக் குழாயைத் திறந்துவிட்டேன். வெற்றிடத்தில் எவ்வளவோ வெப்பத்தைத் தாங்கும் நானோகுழாய், காற்றில் 500 பாகையைத் தாண்டினால் எரியத் தொடங்கும். கறுப்பு வெல்வெட் போலிருக்க வேண்டிய வில்லை வெறும் பளபளப்போடு வெளியே வந்தது. வெப்ப நிலைத்தன்மை பற்றிய வினாவுக்கு அதன்பின் எனக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை.

ஆய்வு முறைகளில், லேசர் பட்டுச் சிதறும் ஒளியைப் பகுத்துப் பார்க்கும் ராமன் நிறமாலையை மட்டும் ஆழமாகப் படித்தால் போதும் என்பது என் கருத்து. அலையெண் 1,590ஐ ஒட்டிய முகடு கிராஃபைட் ஒழுங்கையும், 1,350ஐ ஒட்டியது குறைபாட்டையும் காட்டும். இவ்விரண்டின் விகிதமே தரத்தின் அளவுகோல். நம் திருச்சிக்காரர் பெயரைத் தாங்கிய கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு, அதைத் தேர்வில் எழுத வேண்டாம்.

பயன்களைப் பட்டியலிடாமல், காட்டின் எந்தப் பண்பால் அந்தப் பயன் விளைகிறது என்று எழுதுங்கள். 2014இல் அறிமுகமான வாண்டாபிளாக் என்ற மிகக் கரிய நானோகுழாய்ப் பூச்சு ஒளியின் 99.965 விழுக்காட்டை விழுங்கியதற்குக் காரணம், குழாய்களுக்கு நடுவே புகுந்த ஒளி மீள வழியில்லாமல் மோதி மோதி உறிஞ்சப்படுவதே. குறையாகத் தெரிந்த அந்த வெற்றிடம் அங்கே தேவையாகிறது. 2002இல் சீனாவில் காட்டின் ஓரத்தைப் பிடித்திழுத்தே தொடர் நூலாக்கினார்கள்; பக்கத்துக் குழாய்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால்தான் அது முடிந்தது.

தேர்வாளர் கடைசியாக என் தொழிலுக்கே வந்தார். இவ்வளவு நல்ல கடத்தி என்றால், உங்கள் தொழிற்சாலையில் சில்லுக்கும் வெப்பம் தணிக்கும் தகட்டுக்கும் இடையே இன்னும் ஏன் பசையைப் பூசுகிறீர்கள் என்று கேட்டார். 750 பாகையை முடிக்கப்பட்ட சில்லு தாங்காது, ஆகவே காட்டை வேறிடத்தில் வளர்த்துப் பெயர்த்து ஒட்ட வேண்டும், அப்போது வெப்பத்தைத் தடுப்பது குழாயன்று, நுனியிலுள்ள தொடுகைதான் என்று சொன்னேன். இம்முறை அவர் தலையசைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.