கொடிமலை முருகனுக்கு அரைத் தூக்குப் பால்

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கொடிமலைக்கு, அதாவது பினாங் ஹில்லுக்கு, நடந்தே வந்து பால் ஊற்றுகிறேன் என்று சித்தி வேண்டிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்தது. நடக்க வேண்டியதும் அதே முட்டிதானே என்று வேண்டும்போது யாருக்கும் தோன்றவில்லை. நேர்த்திக்கடன் சித்தப்பா தலையில் விழுந்தது. 63 வயது மனிதரைத் தனியாக விடக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

பினாங்கில் வளர்ந்தவனுக்கு மலைக்கோயில் என்றால் தண்ணீர்மலைதான். 513 படி. தைப்பூசத்தில் அதை ஏறிவிட்டு, மலையே ஏறிவிட்ட மாதிரி கீழே வந்து தண்ணீர்ப்பந்தலில் மோர் கேட்பவன் நான். கொடிமலை வேறு கணக்கு. கோயில் இருக்கிற மேல் ரயில் ஸ்டேஷன் பக்கமே 700 மீட்டருக்கு மேல். 1923-இல் ரயில் ஓடத் தொடங்கும்வரை துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும்தான் போனார்கள். சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் கும்பிட்ட சின்னச் சன்னிதிதான் இன்றைய திருமுருகன் கோயில் என்று சொல்வார்கள். "தூக்கிட்டுப் போனவன் கும்பிட்ட சாமிடா. ரயில்ல உட்கார்ந்து போய்க் கும்பிட்டா அதுக்கே சிரிப்பு வரும்" என்பது சித்தப்பாவின் கட்சி.

கிருத்திகையன்று இருட்டோடு கிளம்பினோம். பொட்டானிக்கல் கார்டன் வாசலுக்குச் சற்று முன்னால், சாலையோரம் வட்டமாக நிற்கும் மூன்கேட் வாசல் வழியாக ஏறி, 84-ஆம் ஸ்டேஷன் என்கிற இளைப்பாறும் இடத்தில் ஜீப் ரோட்டைப் பிடித்து, அதிலேயே உச்சிக்குப் போவது திட்டம். கார்டன் வாசலிலிருந்தே தார் போட்ட ஜீப் ரோடு போகிறது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காட்டு வழியில் நிழல் இருக்கும், பால் கெடாது என்று சித்தப்பா சொன்னார். எவர்சில்வர் தூக்கு நிறையப் பால், மூடிமேல் மஞ்சள் துணி கட்டி அவர் கையிலேயே இருந்தது. மாற்றித் தூக்குகிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லை. படி, வேர், வியர்வை. கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட கருங்குரங்குகள் இரண்டு எங்களையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தன.

அப்புறம்தான் அந்த மரம். முந்தின வார மழைக்கு வேரோடு சாய்ந்து, பாதைக்குக் குறுக்கே கிளையும் கொடியுமாகக் கிடந்தது. வந்த வழியே திரும்பி ஜீப் ரோட்டைப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தை ஒட்டியே சுற்றி, அந்தப் பக்கம் தெரிகிற பாதையில் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்யவில்லை. "நேரா மேல ஏறுனா ஜீப் ரோடு வந்துதானே ஆகணும்" என்றார் சித்தப்பா. எஸ்டேட்டில் பிறந்தவர், காடு தெரிந்தவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பெரிய மரங்களுக்கு அடியில் காடு வெறிச்சென்று இருக்கும், தாராளமாக நடக்கலாம். மரம் விழுந்த இடம் அப்படியல்ல. மேலே ஓட்டை விழுந்து வெயில் இறங்கியதும், அடியில் காத்துக்கொண்டிருந்த அத்தனை செடியும் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். அங்கே ஏற்கனவே ஒரு பழைய ஓட்டை இருந்திருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் இடுப்பளவு பெரணிக்குள் நின்றோம். மலாய்க்காரர்கள் ரெசாம் என்கிற அந்தப் பெரணியின் தண்டு கம்பி மாதிரி. ஒன்றன்மேல் ஒன்று படுத்து மெத்தையாகிக் கிடக்கும், கால் தரையைத் தொடாது. மண் சரிந்து வெயில் விழுகிற இடத்தில் அது இப்படி அடர்ந்து மண்டும். 2017 நவம்பர் புயல் மழையில் இந்த மலை எத்தனை இடத்தில் சரிந்தது என்பது பினாங்குக்காரர்களுக்கு மறக்காது. அந்த மாதிரிச் சரிவை மிதித்து இளக்குகிறோமே என்று அப்போது தோன்றவில்லை. இப்போது உறுத்துகிறது.

பெரணியைத் தாண்டினால் ரோத்தான், அதாவது பிரம்பு. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியபோது அது வழவழப்பாக இருந்தது. காட்டில், இலை நுனியிலிருந்து சாட்டை மாதிரி ஒன்று நீண்டு தொங்குகிறது. அதில் வரிசையாகப் பூனை நகம் போன்ற முட்கள், எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. ஒன்று சித்தப்பாவின் சட்டைத் தோளைப் பிடித்தது. அவர் முன்னால் இழுத்தார், சட்டை டர்ரென்றது. இன்னொன்று கையில். தூக்கை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பவர் மாதிரி அசையாமல் நின்றார்.

"இழுக்காதீங்க சித்தப்பா. ஒரு அடி பின்னால வைங்க."

"மேல போகணும்டா, பின்னாலயா?"

"வைங்க."

வைத்தார். கொக்கி தளர்ந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் இதே கதைதான்: இரண்டடி முன்னால், ஒரு அடி பின்னால். வழுக்கும் சரிவில் எதையாவது பிடிக்கக் கை தானாகப் போகும்; எதைப் பிடிக்கிறோம் என்று பார்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவர் கால் பெரணிக்குள் புதைந்து முழங்கால் மண்டியிட, மூடி நகர்ந்து பால் வழிந்தது. மஞ்சள் துணி நனைந்து போயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. நான் போனில் மேப்பைப் பார்த்தேன். மரத்தடியில் அந்த நீலப்புள்ளி எங்களை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு உலவிக்கொண்டிருந்தது.

சித்தப்பாதான் வலது பக்கம் கையைக் காட்டினார். "ஓடைச் சத்தம் கேட்குது பாரு, அந்தப் பக்கம் போனா பாறையில கொண்டு நிறுத்தும். முதுகைப் பிடி." மலைமுதுகைத்தான் சொன்னார். ஏறும்போது முதுகெல்லாம் போய் ஒன்றாகச் சேரும், இறங்கும்போதுதான் பிரிந்து பிரிந்து ஏமாற்றும் என்றார். முதுகில் ஏறியதும் நிழல் வந்தது, புதர் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே மோட்டார் சத்தம். வேல் வேல் என்று அவர் வாய் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஜீப் ரோட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டைகளை நகத்தால் தள்ளினோம். தூக்கைத் திறந்து பார்த்தார். பாதி இருந்தது. மீதிச் சாலையைப் பேசாமல் நடந்தோம்.

மேலே பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே கோயில். ரயிலில் வந்த சுற்றுலாக்காரர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சட்டையும் சேறுமாக நாங்கள் நுழைந்ததும் வழிவிட்டார்கள். சித்தப்பா குருக்களிடம் தூக்கை நீட்டி, "பாதி சிந்திடுச்சு சாமி" என்றார், பள்ளிக்கூடப் பையன் குரலில். குருக்கள் துணியை அவிழ்த்து, உள்ளே விழுந்திருந்த ஒரு பெரணி இலையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, சித்தியின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

இறங்குவதற்கு ரயில். வேண்டுதல் ஏறுவதற்கு மட்டும்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொண்டோம்.

வீட்டில் சித்தியிடம் மரம், பெரணி எதையும் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். விபூதியைப் பூசிக்கொண்ட சித்தி, சித்தப்பாவைக் கிட்டே வரச்சொல்லி, தோளில் ஒட்டிக்கிடந்த ஒரு முள்ளைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தது.

"ரோத்தானா?"

"ம்."

"எத்தனை அடி?" என்றது.