முட்டையிட எங்கே போகிறது?

கீழ் வகுப்பில் விஞ்ஞானம் படித்த எவரிடமும் ஈரூடகவாழி என்றால் என்னவென்று இன்று கேட்டாலும், நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்ற விடை தயங்காமல் வரும். உதாரணம் கேட்டால், தவளைக்கு அடுத்தபடியாக முதலையும் ஆமையும் வந்து நிற்கும். மனனம் செய்த அந்த ஒரு வரியோடுதான் நாங்களும் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிற்குள் நுழைந்தோம்.

எமது விலங்கியல் ஆசிரியர் அந்த வரியைத் திருத்த விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. ஆய்வுகூட அலுமாரியிலிருந்த போமலின் போத்தல்களை எடுத்து, பெயர்ச்சீட்டுகளைத் தாள் சுற்றி மறைத்து, நீள மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, இவற்றை ஈரூடகவாழிகள், ஊர்வன என இரண்டாகப் பிரியுங்கள் என்று மட்டும் சொன்னார். தவளை, ஓணான், அரணை, கடலாமைக் குஞ்சு, பாம்பு போன்று சுருண்டு கிடந்த கரிய உடல் ஒன்று, பல்லியின் வடிவில் வாலுடன் கூடிய, எங்கள் ஊரில் எவரும் கண்டிராத பிராணி ஒன்று ஆகியவை அங்கே இருந்தன. வகுப்பு ஒருமனதாக ஆமைக் குஞ்சைத் தவளையோடு சேர்த்தது. கரிய நீள உடலைப் பாம்பென்றும், வாலுள்ள பிராணியைப் பல்லியினம் என்றும் மறுபக்கம் தள்ளியது.

பல்லியினம் என்று தள்ளப்பட்டது சலமந்தர் என்னும் வாலுள்ள ஈரூடகவாழி. இலங்கையில் அவ்வகையில் ஓரினம்கூட இல்லை. தவளையையும் தேரையையும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, நான்கு காலும் நீண்ட வாலும் உள்ள எதையும் பல்லியென்று கொள்வது இயல்பே. பாம்பென்று தள்ளப்பட்டதோ இக்தியோபிஸ் குளூற்றினோசசு என்னும் காலற்ற ஈரூடகவாழி. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மண்ணுக்குள் வாழும் அது வரண்ட யாழ்ப்பாணத்தில் கிடையாது. ஆசிரியர் அதைத் தட்டில் எடுத்து வைத்துக் கைவில்லையைக் கொடுத்தார். உடல் முழுவதும் நெருக்கமான வளையங்கள் ஓடின. பக்கவாட்டில் இருந்திருக்க வேண்டிய மஞ்சட் கோடு போமலினில் வெளிறியிருந்தது. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையில், எந்தப் பாம்புக்கும் இல்லாத நுண்ணிய உணர்கொம்பு ஒன்று தெரிந்தது.

இந்தக் குழப்பத்தில் எங்களுக்கு நல்ல கூட்டாளிகள் இருந்தார்கள். 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் தமது வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் தவளை, பல்லி, ஆமை, பாம்பு அனைத்தையும் அம்பிபியா என்ற ஒரே வகுப்பில் அடைத்ததோடு, சுறாவையும் திருக்கையையும்கூட அதற்குள்ளேயே போட்டார். நாங்கள் பாம்பென்ற இக்தியோபிசை அவரும் பாம்புகளோடுதான் வைத்தார். 1800இல் பிரெஞ்சு அறிஞர் பிரொங்னியார் ஊர்வனவற்றை நான்காகப் பிரித்தபோதும் தவளையினம் அவற்றுள் ஒன்றாகவே இருந்தது. காலற்ற இவ்வினத்தின் இளவுயிரி ஒன்றில் பூப்பிளவுகள் (பூ என்பது நீரில் சுவாசிக்க உதவும் செவுள்) இருப்பதை ஜேர்மன் உடற்கூற்றியலாளர் ஜொஹான்னஸ் முல்லர் 1831இல் காட்டிய பிறகே, அது பாம்பு என்பதற்கு இடமில்லாது போயிற்று. 1880களில் இலங்கைக்கு வந்த சுவிஸ் இயற்கையியலாளர்களான சரசின் சகோதரர்கள் (உண்மையில் உடன்பிறந்தவர்கள் அல்லர், உறவினர்கள்), தாய் ஈரமண்ணில் தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காப்பதையும், பொரித்த குஞ்சு நீரை நாடிச் செல்வதையும் விரிவாக எழுதினார்கள். இன்றும் இரு வகுப்புகளையும் ஒரே துறையினர்தான் ஆராய்கிறார்கள். நூலகத்தில் ஒரே தட்டில், விலங்குக்காட்சிச் சாலையில் ஒரே கட்டடத்தில்தான் அவை இருக்கின்றன. அப்படியிருக்க, மக்கள் குழம்புவதைப் பற்றி நிபுணர்கள் அதிகம் குறைப்படக் கூடாது.

அன்று ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க சீவிக்குது எண்டு பாக்காதேங்கோ, முட்டையிட எங்க போகுது எண்டு பாருங்கோ." வாழ்நாள் முழுவதையும் கடலில் கழிக்கும் ஆமை முட்டையிடக் கரைக்கு ஏறுகிறது. வன்னிக் குளத்து முதலையும் கரைமணலைத் தோண்டியே முட்டைகளைப் புதைக்கிறது. வெள்ளம் ஏறிக் குழி மூழ்கினால் உள்ளிருக்கும் கரு மூச்சுமுட்டி இறந்துவிடும். தோட்டத்தில் திரியும் தேரை, மாரி மழை விழுந்ததும் இதற்கு நேரெதிராக நீரை நோக்கிப் போகிறது. அதன் முட்டைக்கு ஓடும் இல்லை, கருவைச் சுற்றி நீரைத் தேக்கிவைக்கும் அமினியன் மென்சவ்வும் இல்லை. அதிலிருந்து வருவது பூக்களால் சுவாசிக்கும் வாற்பேத்தை. முட்டையோடு தோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர்வனவற்றின் செதிற்றோல் நீரை உள்ளே காக்கிறது. அரணை வழுவழுப்பாய் மின்னினாலும் தொட்டால் உலர்ந்துதான் இருக்கும். தவளையின் தோலோ நீரையும் வாயுவையும் ஊடுவிடும் ஈரத்தோல். இவ்விரண்டையும் தூரத்தில் நின்று காண முடியாது. வடிவமும் வாழிடமும் மட்டுமே கண்ணில் படுகின்றன. குழப்பம் நிலைப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. இலங்கைக் காடுகளின் சிறு மரத்தவளைகள் பல, மண்ணிலோ இலையிலோ முட்டையிட, வாற்பேத்தைப் பருவமே இன்றி முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவருகிறது. நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்ற பாடவரியின்படி இவை ஈரூடகவாழிகளே அல்ல, முதலைதான் ஈரூடகவாழி என்றாகிவிடும்! ஆயினும் அம்முட்டைகளும் ஓடற்றவை, ஈரம் வற்றினால் அழிபவை. முதலைக்கு இன்று வாழும் உயிர்களுள் மிக நெருங்கிய உறவு பறவைகள். கோழியைவிடத் தவளை அதற்குத் தூரத்து உறவு. இந்தப் பிரிவு மிகப் பழையது: அறியப்பட்ட மிகப் பழைய ஊர்வனவற்றுள் ஒன்றான ஹைலோனோமஸ், கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள ஜொகின்சில், புதைபடிவமான மர அடிக்கட்டைகளுக்குள் கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகள்.

ஒன்ராறியோவில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு, போத்தலில் நாங்கள் பார்த்த வகையைக் காட்டிலேயே காணும் வாய்ப்பு இருக்கிறது. உக்கிய மரக்கட்டையைப் புரட்டினால் செம்முதுகுச் சலமந்தர் தென்படும். பெற்றோர் அதைப் பல்லி என்று காட்டுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: நகம் இராது, முன்காலில் நான்கு விரல்களே இருக்கும். இதுவும் கட்டைக்கு அடியிலேயே முட்டையிடுகிறது, இதற்கும் நீர்வாழ் பருவம் இல்லை. நுரையீரலும் கிடையாது, ஈரத்தோலினாலும் வாயின் உட்சவ்வினாலும் மட்டுமே சுவாசிப்பதால், பார்த்து முடிந்ததும் கட்டையைப் பழையபடியே மூடிவைத்துவிட வேண்டும்.