நைவாஷாவில் நான் பார்க்காத பந்தயம்

சஃபாரி ராலி என்னும் கார்ப் பந்தயத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னவுடன் எல்லோரும் பந்தயம் எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். நான் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை என்றால் நம்ப மறுக்கிறார்கள். 2023 ஜூனில் கென்யாவில் நடந்த அந்த ராலிக்கு ஒரு சிறிய தனியார் அணியோடு சென்றிருந்தேன். உதிரிபாகக் கணக்கு, சாப்பாடு, தங்குமிடம், வாடகை வண்டிகள் ஆகியவை என் பொறுப்பு. காலையில், கார்களைப் பழுதுபார்க்கும் இடமான சர்வீஸ் பார்க்கை விட்டுக் கிளம்பும் எங்கள் கார் நண்பகலில் ஒருமுறையும் இருட்டும் நேரத்தில் ஒருமுறையும் திரும்பி வரும். அது எந்த வளைவில் எப்படித் திரும்பியது என்பதெல்லாம் எங்களுக்குக் கைப்பேசியில் வரும் எண்கள்தான். ஆகவே நான் எழுதக்கூடியது, கார் வராத நேரங்களில் கண்ட கென்யாவைப் பற்றி மட்டுமே.

பயணம் சென்னை கிண்டியில், தடுப்பூசி போடும் கிங் நிலையத்தில் தொடங்கியது. கென்யாவுக்குச் சென்று திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்; ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். இதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயிலேறி வந்து, காலையில் வரிசையில் நின்று, மதியம் திரும்பினேன். ராலி உலகத்தின் பகட்டு என்று யாராவது பேசினால் எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

நைரோபியிலிருந்து, ராலி நடக்கும் நைவாஷா ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கென்யாவிலும் சாலையின் இடப்பக்கமே வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால் வேனை நானே ஓட்டினேன். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பை அடைந்ததும் பூமி சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. தொலைவில் லொங்கொனாட் எரிமலை நிற்கிறது. விளிம்பெங்கும் செம்மறித் தோலில் தைத்த தொப்பிகளை விற்கும் கடைகள். அங்கிருந்து மை மாஹியூவுக்கு இறங்கும் சாலையோரத்தில், 1942-இல் அந்தச் சாலையைப் போட்ட இத்தாலியப் போர்க் கைதிகள் கட்டிய மிகச் சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். எதிரே லாரிகள் மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தன.

சரக்குப் பெட்டிகளைத் திறந்தபோதுதான் என் தவறு வெளிப்பட்டது. காரைத் தூக்கி நிறுத்தும் ஜாக் ஸ்டாண்டுகள் நான்கும் வரவில்லை. பட்டியலில் நான் டிக் அடித்திருக்கிறேன். ஆனால் பெட்டியில் வைக்கவில்லை. ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் எந்த மெக்கானிக்கும் படுக்க மாட்டார், படுக்கவும் கூடாது. மேலும் ராலியில் சர்வீஸ் நேரம் கணக்கிட்டுக் கொடுக்கப்படுவது. இரவில் கிடைப்பது 45 நிமிடம். நேரக் கட்டுப்பாட்டுச் சாவடிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் பத்து விநாடி தண்டனை; ஒரு நிமிடம் முன்னதாக வந்தாலோ ஒரு முழு நிமிடம். அவசரத்துக்குத்தான் அதிகத் தண்டனை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விதி.

விடுதிக் காவலர் என்னை ஒரு ஜுவா காலியிடம் அனுப்பினார். சுவாஹிலியில் அதற்குக் கடும் வெயில் என்று பொருள். கூரையில்லாமல் திறந்த வெளியில் வேலை செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் அதுவே பெயர். கைத்தொழில் தெரிந்தவரை ஃபுண்டி என்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்த ஃபுண்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதியவர்களை அங்கே மரியாதையாக அழைப்பது போல நானும் அவரை ‘ம்ஸே’ என்று அழைத்தேன். கைப்பேசியில் படத்தைக் காட்டி, 1,200 கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் என்றேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பழைய லாரியின் தடித்த குழாயைத் தட்டி ஓசை கேட்டார், தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம் வரைந்தார், அறுக்கத் தொடங்கிவிட்டார். கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறைகளில் வளர்ந்த எனக்கு அந்த ஓசையும், தீய்ந்த இரும்பின் வாசனையும், வேலை முடியும்வரை விலை பேசாத அந்த வழக்கமும் புதியவை அல்ல. நான்கு ஸ்டாண்டுகளும் மூன்று மணி நேரத்தில் தயார். பணத்தாளை நீட்டியபோது மட்டும் அவர் தயங்கினார். சில்லறை இல்லை, எம்-பெசாவில் அனுப்பு என்றார். 2007-இல் தொடங்கிய அந்தக் கைப்பேசிப் பணம் அங்கே காய்கறிக் கூடைவரை புழங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர் தம் கணக்கிலிருந்து அவருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தாளை வாங்கிக்கொண்டார். எங்கள் தலைமை மெக்கானிக் ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கி, பதினைந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பிறகே தலையசைத்தார்.

நான் எந்த ஊர் என்று கேட்ட அந்த முதியவர், இந்தியா என்றவுடன் சொன்ன முதல் பெயர் ஜோகிந்தர் சிங். கென்யாவின் கெரிச்சோவில் பிறந்த அந்த சீக்கியர் 1965-இல் ஒரு பழைய வோல்வோவில் தம் தம்பியோடு சஃபாரியை வென்றார். பிறகு 1974-இலும் 1976-இலும் மிட்சுபிஷி லான்சரில் வென்றார். அதிக முறை வென்றவர் என்ற பெருமை ஷேகர் மேத்தாவுக்கு உரியது: மொத்தம் ஐந்து வெற்றிகள், அவற்றில் நான்கு 1979 முதல் 1982 வரை தொடர்ச்சியாக. உகாண்டாவில் பிறந்த குஜராத்தி அவர். அந்நாட்டு அதிபர் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றிய மறு ஆண்டான 1973-இல் தம் முதல் சஃபாரியை வென்றார். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டை ஒட்டித் தொடங்கிய இந்த ராலி அந்தக் காலத்தில் 5,000 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தும் மாடும் போகும் திறந்த சாலைகளிலேயே ஓடியது. நான் போன 2023-இல் மூடிய தடங்களில் 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தியர்கள் அந்த மண்ணில் ரயில் பாதை போட்டவர்களாகவும் கடை வைத்தவர்களாகவும் மட்டும் இருக்கவில்லை என்பதை ஒரு வெல்டிங் பட்டறையில் நின்று கேட்டுக்கொண்டது எனக்குப் பெருமையாகவும், இதையெல்லாம் முன்பே படித்துக்கொண்டு வராதது சற்று வெட்கமாகவும் இருந்தது. வண்டிக்கு சுவாஹிலியில் காரி என்றுதான் பெயர். இந்தியிலிருந்து போன சொல். கடை, டுகா. சப்பாத்தியும் சாயும் மாறவே இல்லை.

வெள்ளிக்கிழமை கார் முதன்முறையாக கெடாங் தடத்தை ஓடிவிட்டு வந்தபோது அதன் நிறம் தெரியவில்லை. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணை ஃபெஷ்-ஃபெஷ் என்கிறார்கள். சலித்த மைதா மாவு போல இருக்கும். முதல் சுற்றில் கார்கள் மேல்தோலை உடைத்துவிடுவதால், இரண்டாம் சுற்றில் சக்கரம் பாதி வரை புதைகிறது. என்ஜின் அதை உள்ளிழுத்துவிட்டால் கதை முடிந்தது. பெரிய அணிகளின் கார்கள் காற்றிழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றியிருப்பது அதனால்தான். எங்கள் மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒருமுறை தட்டினார். ஒரு கைப்பிடி மாவு கொட்டியது. இரண்டாவது முறை தட்டியபோதும் அதே அளவு. அவர் எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். ஃபில்டர்களை மட்டும் நல்ல வேளையாக நான் மறக்காமல் எடுத்து வந்திருந்தேன். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர், வளைவுகளைக் குறித்து வைத்திருக்கும் பேஸ் நோட்ஸ் புத்தகத்தை உதறினார். அவருடைய இமை முடிகள் புழுதியில் நரைத்திருந்தன.

தங்கியிருந்தது ஏரிக்கரைக் கூடாரங்களில். இருட்டிய பிறகு அஸ்காரி எனப்படும் காவலர் துணையில்லாமல் வெளியே வரக்கூடாது என்று முதல் நாளே எச்சரித்தார்கள். நீர்யானைகள் பகலெல்லாம் ஏரியில் கிடந்துவிட்டு இரவில் புல் மேயக் கரையேறுகின்றன. இரண்டாம் இரவு, கூடாரத் துணிக்கு வெளியே யாரோ ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற ஓசை கேட்டது. சீராக, அவசரமில்லாமல், அரை மணி நேரம். விடிந்ததும் பார்த்தால் வாசலில் புல் வழித்தெடுத்தாற்போல் இருந்தது. ஏரியின் மறுபக்கம் மைல் கணக்கில் ரோஜாப் பண்ணைகள். பிளாஸ்டிக் கூரைகளுக்குள் வளரும் அந்தப் பூக்கள் ஐரோப்பாவுக்கு விமானத்தில் போகின்றன.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மக்காச்சோள மாவில் கிளறிய உகாலி நம் களிக்கு உறவு. அதோடு சுகுமா விகி என்னும் கீரை வதக்கல். அந்தப் பெயருக்கு, வாரத்தைத் தள்ளிவிடு என்று பொருளாம். சம்பளத்துக்கு முந்தைய நாட்களின் உணவு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். நியாமா சோமா என்னும் சுட்ட ஆட்டுக்கறிக்கு மட்டும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்புதான் எங்கள் தொழில் என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்ஸ் கேட் தடத்தோடு ராலி முடிந்தது. பிரெஞ்சு ஓட்டுநர் ஓஜியே வென்றார், முதல் நான்கு இடங்களும் டொயோட்டாவுக்கே. எங்கள் கார் கடைசிச் சில இடங்களுக்குள் வந்து சேர்ந்தது, அதுவே எங்களுக்குக் கொண்டாட்டம். மறுநாள் சரக்கை எடை போட்டபோது ஸ்டாண்டுகளுக்கு இடமில்லை. நான்கையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஃபுண்டியிடம் போனேன். பாதி விலையைத் திருப்பித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வெல்டிங்கின் மேல் படிந்திருந்த புழுதியைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்துவிட்டு, சுவரோரம் அடுக்கினார். “அடுத்த வருடமும் மறந்துவிட்டு வா,” என்றார், “வாடகைக்குத் தருகிறேன்.”